வாக்குச்சீட்டா, வாக்கு இயந்திரமா?

தேர்தலில் தோற்றவர்கள் ‘சீட்டுக்கே திரும்புவோம்’ என்பார்கள். ஜெயித்த பிறகு மறந்துவிடுவார்கள். சரி, ஒப்பிட்டுப் பார்ப்போம்.

வேகம்: சீட்டை எண்ண விடிய விடிய ஆகும். இயந்திரம் மதியத்துக்குள் போக்கைச் சொல்லிவிடும்.

கள்ள ஓட்டு: சாவடியைக் கைப்பற்றினால் சீட்டுக் கட்டையே குத்திப் பெட்டியில் போடலாம். இயந்திரம் நிமிடத்துக்கு 4 ஓட்டுக்கு மேல் வாங்காது.

கூட்டம்: 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டே புத்தகமாகிவிட்டது! இயந்திரமும் அத்தனை பேரைத் தாங்காது.

நம்பிக்கை: இங்கேதான் சீட்டு ஜெயிக்கிறது. தொழில்நுட்பம் தெரியாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்று ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009இல் சொன்னது. நம் இயந்திரத்தில், யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று காட்டும் ஒப்புகைச் சீட்டு 7 விநாடி தெரியும். சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளில்தான் அந்தச் சீட்டுகளை எண்ணுகிறார்கள். எனக்கு அது போதாது.

ஊராட்சி வார்டுக்குச் சீட்டே போதும். சட்டமன்றம், மக்களவைக்கு இயந்திரம். ஆனால் ஒப்புகைச் சீட்டை இன்னும் நிறைய எண்ணட்டும்.