நினைவாற்றல் ப்ராஜெக்ட்: ஒரே பிள்ளைகளா, இரண்டு குழுவா?

பார்த்தது அதிகம் நினைவில் நிற்குமா, கேட்டதா? அறிவியல் கண்காட்சிக்கு இதை எடுக்கும் பிள்ளைகள் தடுமாறுவது ஆள் பிரிப்பதில்தான். எல்லாரையும் இரண்டு விதமாகவும் சோதிப்பதா, பாதிப் பாதியாகப் பிரிப்பதா?

ஆள் கணக்கு
ஒரே பிள்ளைகள்: பத்துப் பன்னிரண்டு பேரை வைத்தே ஒப்பேற்றலாம்.
இரண்டு குழு: பக்கத்து வகுப்பிலும் போய்க் கெஞ்ச வேண்டும்.

நியாயம்
ஒரே பிள்ளைகள்: ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிடுகிறோம்.
இரண்டு குழு: மனப்பாடப் புலிகள் ஒரு பக்கமே சேர்ந்தால் முடிவு கோணிவிடும். சீட்டுக் குலுக்கித்தான் பிரிக்க வேண்டும்.

தலைவலி
ஒரே பிள்ளைகள்: இரண்டாவது சோதனைக்குள் பழக்கமோ சலிப்போ வந்துவிடும். அதனால் பாதிப் பேருக்குப் பார்ப்பது முதலில், மற்றவர்களுக்குக் கேட்பது முதலில். சொற்பட்டியலும் இரண்டு வேண்டும். அவற்றையும் இடம் மாற்றிக் கொடுக்க வேண்டும்.
இரண்டு குழு: ஒரே பட்டியல் போதும்.

எதை எடுத்தாலும் பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: ஒரு பக்கம் படம், மறுபக்கம் சொல். அப்போது சோதிப்பது கண்ணையா காதையா, படத்தையா சொல்லையா? இரண்டிலும் சொற்களே இருக்கட்டும். இரண்டு நொடிக்கு ஒன்று, அட்டையிலும் ஒலிப்பதிவிலும் அதே வேகம். அப்படியும் பிள்ளைகள் அட்டையை மனதுக்குள் வாசிப்பார்கள். கண்ணால் பார்த்த எழுத்துகளைக்கூட மனிதர்கள் ஒலி ஒற்றுமையால் மாற்றி எழுதுகிறார்கள் என்று 1964இல் கான்ராட் என்ற உளவியலாளர் காட்டியிருக்கிறார். இதை அறிக்கையில் எழுதினால் நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஒரே வகுப்புதான் கிடைக்கும் என்றால் முதல் வழி. இரண்டு வகுப்பு, ஆனால் ஒரே பீரியட் என்றால் இரண்டாவது. என் ஓட்டு முதலாவதுக்கு.