கிளெப் வரலாற்றுத் தேர்வு: 90 நிமிடத்தில் 3 கிரெடிட்

டெக்சாஸில் அரசுக் கல்லூரியில் இளநிலைப் பட்டம் வாங்க, எந்தத் துறையில் படித்தாலும் அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட் (பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய பாட அலகு) முடித்தாக வேண்டும். எனக்கு வயது 41. மதுரையில் பி.காம். இரண்டாம் ஆண்டோடு நின்றுபோன படிப்பை இங்கே கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) கணக்கியலாகத் தொடர்கிறேன். பகலில் வேலை, சாயங்காலம் பிள்ளைகள். ஒரு செமஸ்டர் முழுக்க வரலாற்று வகுப்புக்கு ஓட முடியாது என்றதும், "கிளெப் எழுதிவிடுங்களேன்" என்றார் அட்வைசர்.

காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் தேர்வு இது. வகுப்புக்குப் போகாமலே இதை எழுதித் தேறினால் அந்தப் பாடத்தின் கிரெடிட் கிடைக்கும். நான் எழுதியது அமெரிக்க வரலாறு முதல் பாகம், குடியேற்றக் காலத்திலிருந்து 1877 வரை. 90 நிமிடத்தில் சுமார் 120 கேள்விகள். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் விடாமல் எழுதுங்கள். மதிப்பெண் 20 முதல் 80 வரை. பல கல்லூரிகளில் 50 எடுத்தால் 3 கிரெடிட். கட்டணம் 100 டாலருக்குள்தான், தேர்வு மையம் தனியாக ஒரு தொகை வாங்கும். மாடர்ன் ஸ்டேட்ஸ் அமைப்பின் இலவசப் பாடத்தை முடித்ததற்குத் தேர்வுக் கட்டண வவுச்சர் கிடைத்தது. மையத்துக்கு மட்டும்தான் கையிலிருந்து கட்டினேன்.

எட்டு வாரம் படித்தேன். முதல் இரண்டு வாரம் ஆண்டுகளை மனப்பாடம் செய்தது வீண். எதனால் எது நடந்தது என்பதைத்தான் இந்தத் தேர்வு கேட்கிறது. அது எனக்குப் புரிந்தது வந்தவாசியால்! பள்ளியில் படித்த 1760 வந்தவாசிப் போர், உலகம் முழுக்க இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய ஏழாண்டுப் போரின் ஒரு துண்டு. அதே சண்டையின் அமெரிக்கப் பக்கத்தை இங்கே பிரெஞ்சு-இந்தியப் போர் என்கிறார்கள். பாண்டிச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்த 1763 பாரிஸ் ஒப்பந்தம்தான் கனடாவை இங்கிலாந்துக்குக் கொடுத்தது. போரில் கடன் ஏறிவிட்டதால், அமெரிக்காவில் நிறுத்திய படைகளின் செலவுக்காக அங்கிருந்த குடியேற்றங்கள் மேல் 1765-இல் முத்திரை வரி போட்டார்கள். 1773-இல் வரியை எதிர்த்துப் பாஸ்டன் கடலில் கொட்டப்பட்ட தேயிலை, நம் ஜார்ஜ் கோட்டையை வைத்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. 1781-இல் அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுனில் தோற்ற காரன்வாலிஸ்தான் பிறகு இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து திப்புவோடு போரிட்டார். இப்படிக் கோத்துக்கொண்ட பிறகு ஒரு ஆண்டுகூட மறக்கவில்லை.

ஆனால் கேள்விகளில் 70 சதவீதம் 1790-க்குப் பிந்தைய காலத்திலிருந்து வரும். அடிமைமுறையை எங்கெங்கே அனுமதிப்பது என்ற சண்டையில் வந்தவை இவை: மிசூரி சமரசம் 1820, கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் 1854, விடுதலை கேட்டு வழக்காடிய அடிமை ட்ரெட் ஸ்காட் மீதான தீர்ப்பு 1857. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி அடுப்புக்கு மேல் ஒட்டியிருந்தேன். கறுப்பர்கள் அமெரிக்கக் குடிமக்களே ஆக முடியாது என்று சொன்ன தீர்ப்பு அது. அதை உடைத்தது அரசியல் சாசனத்தின் 1868-ஆம் ஆண்டு 14-ஆவது திருத்தம்: இந்த மண்ணில் பிறந்தவர் இந்த நாட்டுக் குடிமகன். என் சின்னவன் இங்கே பிறந்தவன். அவனுடைய பாஸ்போர்ட்டுக்குப் பின்னால் யாருடைய போராட்டம் இருக்கிறது என்று தோசை ஊற்றிக்கொண்டே அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அன்று மாவு கருகிவிட்டது.

தேர்வின் மேல் எனக்குள்ள குறையும் இங்கேதான். அத்தனை பெரிய விஷயத்தை ஒரு கிளிக்கில் கடந்துவிட வேண்டும். யோசித்து எழுத இடமே இல்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு கேள்விக்கு 45 விநாடி என்பது நெருக்கடிதான். 'இவற்றில் எது சரியில்லை' என்ற வகைக் கேள்விகளை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. கடிகாரம் வைத்துப் பழகுங்கள்.

இன்னொன்று, நம் ஊர் இனிஷியல். லைசென்சில் அப்பா பெயர் முழுசாகக் கடைசிப் பெயராக இருக்கிறது. பதிவு செய்தபோது பழக்கத்தில் ஒற்றை எழுத்துப் போட்டுவிட்டேன். பெயர் ஒத்துப்போகவில்லை என்று மையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருத்தி, மறுபடி இடம் கிடைக்க மூன்று வாரம் ஆனது. அட்டையில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள்.

முடித்ததும் திரையிலேயே மதிப்பெண் வந்துவிட்டது: 61. கிரெடிட் மட்டும்தான் ஏறும், கிரேடு கிடையாது. ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) உயர வேண்டும் என்பவர்கள் வகுப்பில் சேர்வதே நல்லது. எல்லாக் கல்லூரியும் ஏற்பதில்லை. பிறகு மாறப்போகும் கல்லூரியிலும் முன்பே கேட்டுவிடுங்கள். தவறினால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும்.

என்னைப் போல வேலையோடு படிப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன், எழுதுங்கள். நான் இரண்டாம் பாகத்துக்கும் பதிந்துவிட்டேன். 1965 குடியேற்றச் சட்டம் அதில்தான் வருகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு இந்த நாட்டின் கதவைத் திறந்த சட்டம். அடுப்புக்கு மேல் புதுத் தாள் ஒட்டியாகிவிட்டது.