மோனோவின் ‘ஓத்’: உரக்க ஒலிக்காமலே நிறையும் இசை

டோக்கியோவில் 1999இல் தொடங்கிய மோனோ இசைக்குழு, தன் இருபத்தைந்தாவது ஆண்டில், 2024 ஜூனில் வெளியிட்ட ஆல்பம் ‘ஓத்’ (Oath, உறுதிமொழி). பாடலும் பாடகரும் இல்லாமல், இரண்டு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், டிரம்ஸ் ஆகியவற்றோடு நரம்பிசையும் பித்தளைக் குழல்களும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒலிக்கும் இந்த ஆல்பத்தை, இக்குழுவின் பழைய ஆல்பங்களோடு சேர்த்துக் கேட்டால்தான் அதன் அருமை முழுதாகப் புலப்படும்.

அரசமரத்தைப் பெயரில் கொண்ட அவர்களுடைய முதல் ஆல்பம் 2001இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஸோர்னின் ட்ஸாடிக் இசைவெளியீட்டு நிறுவனத்தின் வழியே வந்தது. மெல்லத் தொடங்குவது, ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து ஏற்றுவது, இறுதியில் காதடைக்கும் இரைச்சலாக வெடிப்பது என்பதே அன்றைய வழக்கம். கேட்பவரை உலுக்கிவிடும் இசைதான் அது. ஆனால் வெடிப்பு எப்போது வரும் என்பது இரண்டு மூன்று முறை கேட்டவர்களுக்கே தெரிந்துவிடும். 2009இல் வந்த ‘ஹிம் டு தி இம்மார்டல் விண்ட்’ ஆல்பத்தில் வாத்தியக் குழு சேர்ந்தபோது அந்த இசை பேருருவம் கொண்டது. 2014இல் ஒரே நாளில் இரண்டு ஆல்பங்களை வெளியிட்டு, ஒன்றில் வெளிச்சத்தையும் மற்றொன்றில் இருளையும் வைத்தார்கள். 2019இல் புதிய டிரம்ஸ் கலைஞரோடு வந்த ஆல்பத்தில் பேஸ் வாசிக்கும் தமாகி முதன்முறையாகப் பாடினார்.

இவ்வளவையும் கடந்து வந்தவர்கள், ‘ஓத்’தில் அவசரமே இல்லாமல் வாசிக்கிறார்கள். முதல் மூன்று உருப்படிகள் ஒரே நீரோட்டமாக இணைந்து செல்கின்றன. முன்பெல்லாம் கிட்டாருக்கு அலங்காரமாக நின்ற வயலின்களும் குழல்களும் இங்கே மெட்டையே தாங்கிச் செல்ல, கிட்டார்கள் பின்னே நகர்ந்து, நடுங்கும் ஒரு மெல்லிய திரையாக விரிகின்றன. உச்சம் வரும்போதும் அது திடீரென்று மோதுவதில்லை. குளம் நிரம்புவதுபோல் அறியாமலே நிறைகிறது. என் கணக்கில் இந்தக் குழுவின் மெய்யான வளர்ச்சி இந்த அடக்கம்தான்.

ஒலிப்பதிவு செய்தவர், 2004 முதலே இவர்களோடு பணியாற்றிய ஸ்டீவ் ஆல்பினி. ஆல்பம் வெளிவருவதற்கு ஒரு மாதத்துக்கு முன் அவர் காலமானார் என்பது நெஞ்சைப் பிசைகிறது. கலைஞர்கள் ஒரே அறையில் சேர்ந்து வாசிப்பதை அப்படியே ஒலிநாடாவில் பதிவதே அவர் முறை. ஹெட்போனில் கேட்டால், டிரம்ஸின் ஒவ்வொரு அடிக்குப் பின்னும் அந்த அறையின் காற்று அசைந்து அடங்குவது காதுக்கு எட்டும்.

குறையும் உண்டு. நடுவில் வரும் சில உருப்படிகளின் வேகமும் மனநிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், இரண்டைக் குறைத்திருந்தால் ஆல்பம் இன்னும் செறிவாக இருந்திருக்கும். மோனோவை முதன்முறையாகக் கேட்பவர்கள் 2009ஆம் ஆண்டு ஆல்பத்தில் தொடங்கி, சில நாள் கழித்து இதற்கு வரலாம். கைபேசியின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்க வேண்டாம். பேஸும் அந்த அறையின் அசைவும் அதில் அடியோடு காணாமற்போய்விடும்.