அபிக்சபான், ரிவரொக்சபான், டபிகட்ரான்: திருகோணமலைக்கு எது தோது?

இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்குப் பக்கவாதம் வராமல் தடுக்க, இரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மருந்தான வோபரினுக்குப் பதிலாக எழுதப்படும் மூன்று மருந்துகள் இவை. ஐஎன்ஆர் (இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) பார்க்க மூதூரிலிருந்து அடிக்கடி டவுணுக்கு அலையத் தேவையில்லை, கீரையைக் குறைக்கவும் தேவையில்லை. இந்த நிம்மதி மூன்றுக்கும் பொது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறையாவது கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை) பார்த்தே ஆகவேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் அடிக்கடி.

டபிகட்ரான் கப்சியூலுக்கு ஈரம் ஆகாது. மருந்துக்கடையில் அதைப் போத்தலிலிருந்து எண்ணிக் கடதாசி உறையில் போட்டுத் தந்தால் வாங்காதீர்கள். நம் கடற்காற்றில் அது கெட்டுவிடும். வாராந்தப் பெட்டியில் பிரித்து வைப்பதும் பிழை. விழுங்கக் கஷ்டமென்று கப்சியூலைத் திறந்து உள்ளிருக்கும் மணிகளைக் கொட்டிக் குடித்தால் மருந்து அளவுக்கு மிஞ்சி உறிஞ்சப்பட்டு இரத்தம் கசியலாம். உள்ளே டார்டாரிக் அமிலம் இருப்பதால் நெஞ்செரிவும் வரும். சுமார் 80 சதவீதம் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் வயதானவர்களுக்கு நான் கடைசியாகவே இதைச் சொல்வேன்.

ரிவரொக்சபான் நாளுக்கு ஒன்று, ஆகவே மறதிக்காரருக்கு வசதி. ஆனால் 20 மில்லிகிராம் குளிசை வெறும்வயிற்றில் மூன்றில் இரண்டு பங்குதான் உடம்பில் சேரும். தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் போதாது. இரவுப் புட்டோடு, இடியப்பத்தோடு வயிறாரச் சாப்பிடும்போது எடுக்கவேண்டும். நோன்பு காலத்தில் இப்தாருக்குப் பிந்திய சாப்பாட்டோடு எடுத்தால் சரி. கந்தசஷ்டிக்குப் பாலும் பழமுமாக ஆறு நாள் இருப்பவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள்.

என் தெரிவு அபிக்சபான். 5 மில்லிகிராம், காலையும் இரவும், சாப்பாடு கணக்கில்லை. சிறுநீரகம் வழியே போவது கால்பங்கு அளவே. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியேட்டினின் 1.5 mg/dL அல்லது அதற்கு மேல்: இவற்றில் இரண்டு பொருந்தினால்தான் பொதுவாக 2.5 ஆகக் குறைப்பார்கள். பயத்தில் பாதியாக்கினால் பக்கவாதத்துக்குக் கதவு திறந்துவிட்ட மாதிரி. ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் எடுங்கள், இரட்டிப்பாக வேண்டாம்.

முழங்கால் வலிக்கு டைக்குளோபெனாக் கேட்டு வாங்குவதுதான் ஆகப் பெரிய ஆபத்து. மூன்றிலும் இரத்தக்கசிவைக் கூட்டும். காசநோய்க்கான ரிபாம்பிசினும் வலிப்புக்கான பினிற்றோயினும் இரத்தத்தில் இந்த மருந்துகளின் அளவைக் குறைத்துவிடும்.

உலோக வால்வு வைத்தவர்களுக்கு இவை எதுவும் கூடாது. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் வோபரின்தான்: 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில் ருமாட்டிக் இதயநோயாளர்களுள் ரிவரொக்சபான் எடுத்தவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது.