மொட்டை மாடியா, தோட்டமா? 32ஆ, 45ஆ? சென்னையில் நீராவி ரயில் பாதை போட ஓர் அலசல்

வீட்டிலேயே சின்ன ரயில் பாதை போட்டு, நிஜமாகவே தண்ணீர் கொதித்து நீராவியில் ஓடும் இஞ்சினை விட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த இஞ்சின் வாங்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். முதலில் இடம், அப்புறம் தண்டவாள அகலம், அப்புறம் எரிபொருள். இந்த மூன்றும் முடிவானால் இஞ்சின் தானாக முடிவாகிவிடும். இங்கிலாந்தையும் ஜெர்மனியையும் மனதில் வைத்து எழுதப்பட்ட யோசனைகள் பல சென்னைக்குப் பொருந்துவதில்லை. நம் வெயில், தண்ணீர், மழை எல்லாமே வேறு.

முதலில் இடம். ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், வீடு கட்டிய பிறகு மிஞ்சும் மண் எவ்வளவு என்று சென்னையில் எல்லோருக்கும் தெரியும். பக்கவாட்டுச் சந்தும், பின்னால் கிணற்றடி அளவு இடமும் கிடைத்தாலே பெரிது. அந்த இடத்திலும் பாதை போடலாம், மரஞ்செடிக்கு நடுவே ரயில் போகும் அழகும் தனிதான். ஆனால் வேளச்சேரி, விருகம்பாக்கம் பக்கம் களிமண். கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். சித்திரையில் மட்டம் பார்த்துப் போட்ட பாதை கார்த்திகையில் அலை அலையாக நிற்கும். கீழே செங்கல் படுக்கை போட்டு மேலே கான்கிரீட் பட்டை ஓட்டாமல் அங்கே வேலைக்கு ஆகாது. திருவான்மியூர், பெசன்ட் நகர் மணலில் தண்ணீர் நிற்காது, ஆனால் எண்ணெய் பட்ட சக்கரத்திலும் இணைப்புத் தண்டிலும் மணல் ஒட்டிக்கொண்டு உலோகத்தை அரிக்கும். வேப்பமரம் இருந்தால் தினமும் பெருக்க வேண்டும். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்தவர்களுக்குத் தரையோடு தரையாகப் பாதை போடத் தைரியம் வருவது கஷ்டம்.

மொட்டை மாடியில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் போக நல்ல நீளம் கிடைக்கும். கவனிக்க வேண்டியவை மூன்று. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் மாடி பொதுச் சொத்து, சங்கத்தின் சம்மதம் வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் தளத்தில் துளை போடக் கூடாது. தளத்தில் ஒரு துளை விழுந்தால் அடுத்த மழைக்குக் கீழ்வீட்டில் ஒழுகும். மூன்றாவது, பலரும் விட்டுவிடுவது: மாடித் தளம் சமமாக இருக்காது. மழைநீர் வடிய மேஸ்திரி வாட்டம் வைத்துத்தான் போட்டிருப்பார். கண்ணுக்குத் தெரியாத அந்த வாட்டம், ரிமோட் இல்லாத சின்ன நீராவி இஞ்சினுக்கு மலை ஏற்றம். ஏறும்போது திணறும், இறங்கும்போது தறிகெட்டு ஓடி வளைவில் கவிழும். அதனால் ஹாலோ பிளாக் தூண்களை அடுக்கி, அவற்றின் மேல் சிமென்ட் பலகை போட்டு, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து ஒவ்வொரு தூணிலும் மட்டம் குறித்துக்கொண்டு, ஆப்பு கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். மரைன் பிளைவுட்டும் போடலாம், ஆனால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் ஓரம் பிரிய ஆரம்பிக்கும். நான் சிமென்ட் பலகை பக்கம். பாதை இடுப்பு உயரத்தில் வந்தால் குனிய வேண்டியதில்லை. ஆனால் பித்தளையும் செம்புமாகக் கனக்கும் இஞ்சின் அந்த உயரத்திலிருந்து விழுந்தால் தேறாது. பலகையின் இரண்டு ஓரமும் விரல் உயரத்துக்காவது தடுப்புப் பட்டை அடியுங்கள்.

தண்டவாள அகலத்தில் போட்டியிடுபவை இரண்டு: 32 மி.மீ., 45 மி.மீ. நிஜத்தில் ஓர் அடி இருப்பது மாதிரியில் 16 மி.மீ. என்று கணக்கு வைத்தால், 32 மி.மீ. என்பது இரண்டு அடிப் பாதை. டார்ஜிலிங், மாதேரான் ரயில்களின் உலகம் அது. 45 மி.மீ. அகலத்தை வீட்டுத் தோட்டங்களில் பரப்பியது 1968இல் வந்த ஜெர்மனியின் எல்ஜிபி என்ற மாதிரி ரயில்கள். 22.5இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 45 மி.மீ. என்பது மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதை. நம் ஊர்க்காரர்களுக்கு இது மனதுக்கு நெருக்கமான அகலம். நீலகிரி மலை ரயில் மீட்டர் கேஜ்தான். 2004 வரை கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலும் மீட்டர் கேஜில்தான் ஓடியது. எழும்பூரில் ஏறித் தெற்கே போன தலைமுறைக்குச் சிறுவயது ரயில் என்றாலே அந்த அகலம்தான்.

மனசு 45 சொன்னாலும், மாடியில் போடுகிறவர்களுக்கு நான் 32 என்றுதான் சொல்வேன். காரணம் வளைவு. இரண்டு அடிப் பாதையின் சின்ன நாலு சக்கர இஞ்சின்கள் முக்கால் மீட்டர் ஆரத்திலேயே திரும்பிவிடும். 45இல் வரும் பெரிய, பல சக்கர இஞ்சின்களுக்குப் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டும். வளைவு அகன்றால் தண்ணீர்த் தொட்டித் தூணில் இடிக்கும். இன்னொன்று: இங்கிலாந்தின் ரவுண்ட்ஹவுஸ் போன்ற மாதிரி இஞ்சின் தயாரிப்பாளர்களின் இஞ்சின்கள் பலவற்றில் சக்கரத்தை அச்சில் நகர்த்தி 32இலிருந்து 45க்கு மாற்றிக்கொள்ளலாம். நாளை பெரிய இடம் கிடைத்தால் இஞ்சின் வீணாகாது. உத்தண்டி, படப்பை பக்கம் நிஜமாகவே தோட்டம் வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், 45 போடுங்கள். நீளமான ரயில் அகன்ற வளைவில் சாய்ந்து வருவதைப் பார்க்க அதுதான் சரி.

தண்டவாள உலோகத்தில் நீராவிக்காரர்களுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. மின்சாரம் தண்டவாளம் வழியே வர வேண்டியதில்லை. கடற்காற்றில் பித்தளை கறுத்தாலும் ரயில் ஓடும். அலுமினியம் மலிவு, ஆனால் கடலோரத்தில் உப்புப் பட்டுக் குழி விழும், வெயிலுக்கு அதிகமாக நீளும். பத்து மீட்டர் பாதையின் சூடு 40 டிகிரி கூடினால் பித்தளை ஏழரை மி.மீ. நீளும், அலுமினியம் ஒன்பதுக்கு மேல். இணைப்புகளில் இடைவெளி விடாமல் இறுக்கி மாட்டினால் மதியத்தில் பாதை பாம்பு மாதிரி நெளியும். மார்கழிக் காலையில் போட்டால் நன்றாகவே இடைவெளி விடுங்கள். சித்திரை மதியத்தில் போட்டால் கொஞ்சம் போதும்.

எரிபொருளில்தான் சென்னை மற்ற ஊர்களிலிருந்து முழுக்க விலகுகிறது. ஸ்பிரிட், பியூட்டேன், நிலக்கரி என்று மூன்று வழி. இவ்வளவு சின்ன அளவில் நிலக்கரியை மறந்துவிடலாம். நல்ல கரி கிடைப்பதும் கஷ்டம், கண்ணை எடுக்காமல் தீயைக் காக்க வேண்டும், முதல் இஞ்சினுக்கு அது வேண்டாம். ஸ்பிரிட் சத்தமில்லாமல் எரியும், பழைய முறை, எனக்கும் பிடிக்கும். ஆனால் தமிழ்நாட்டில் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டும் மெத்தனாலும் 1959ஆம் ஆண்டு விதிகளின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டவை, நினைத்தபோது கடையில் வாங்க முடியாது. வெயிலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. பாய்லருக்கு வெளியே திரி எரியும் இஞ்சின்களை மூன்று மணிக் கடற்காற்று சட்டென்று அணைத்துவிடும்.

மிஞ்சுவது பியூட்டேன். தீ பாய்லருக்கு நடுவே போகும் குழாய்க்குள் எரிவதால் காற்று ஒன்றும் செய்யாது. குளிர்நாடுகளில் வாயுத் தொட்டி உறைந்துபோகாமல் இருக்க அதைச் சுற்றி வெந்நீர் ஊற்றுவார்கள். இங்கே தலைகீழ். தொட்டிக்குள் பியூட்டேனின் அழுத்தம் 20 டிகிரியில் ஒரு 'பார்' (அழுத்த அலகு) அளவை ஒட்டி இருக்கும், 40 டிகிரியில் 2.8 பாருக்கு வந்துவிடும். வால்வை மயிரிழைதான் திறக்க வேண்டும். காதால்தான் இதைப் பார்க்க முடியும்: பர்னர் ஊளையிட்டால் வாயு அதிகம், மெல்லிய உறுமலோடு எரிந்தால் சரி. புரொப்பேன் கலந்த டப்பா நம் கோடைக்கு வேண்டவே வேண்டாம். பியூட்டேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் கைப்பிடிச் சுவருக்குள்ளேயே தேங்கும். அதனால் நிழலில், காற்றோட்டத்தில், பக்கத்தில் எந்தத் தீயும் இல்லாதபோது நிரப்புங்கள்.

தண்ணீருக்கு வருவோம். போர் தண்ணீரை பாய்லரில் ஊற்றவே கூடாது. வெந்நீர்ப் பானையில் படியும் அதே வெள்ளை உப்பு செம்புக் குழாயிலும் படியும், அங்கே கையை விட்டுச் சுரண்ட முடியாது. ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை. உப்பே இல்லாத டீயானைஸ்டு தண்ணீர் பித்தளைப் பாகங்களிலிருந்து துத்தநாகத்தை இழுக்கும் என்று பழகியவர்கள் பலர் தவிர்க்கிறார்கள். என் முதல் தேர்வு மழைநீர். மழைநீர் சேகரிப்பு கட்டாயமான ஊரில் இது கிடைக்காத பொருளே இல்லை. முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்ததைச் சுத்தமான கேனில் பிடித்து, துணியில் வடிகட்டி வைத்தால் வருஷம் முழுக்கப் போதும்.

இப்போது இஞ்சின். மாமோட் நிறுவனத்தின் இஞ்சின்கள் மாதிரி, சிலிண்டரே முன்னும் பின்னும் ஆடி நீராவியைத் திறந்து மூடுபவை விலை குறைவு, பாகமும் குறைவு. ஆனால் மெதுவாக ஓட்டுவது கடினம். சிலிண்டர் அசையாமல், வழுக்கு வால்வு (நகர்ந்து நீராவியை விடும் தகடு) கொண்ட ரவுண்ட்ஹவுஸ், அக்யூகிராஃப்ட் நிறுவனங்களின் வகைகள் சுங்க வரி, கூரியர் எல்லாம் சேர்த்து நன்றாகவே செலவு வைக்கும். ஆனாலும் காசைச் சேர்த்து இதையே வாங்குங்கள். நடக்கும் வேகத்தில் பெட்டிகளை இழுத்துப் போகும் ரயில்தான் ரயில். பெட்டிகளை இங்கேயே செய்துகொள்ளலாம், அம்பத்தூர், கிண்டி லேத் பட்டறைகளில் சக்கரம் கடைந்து தருவார்கள். பாய்லரை மட்டும் சொந்தமாகச் செய்ய வேண்டாம். ஈயப்பற்று வைத்த பாய்லர் தண்ணீர் வற்றினால் பிரிந்துவிடும். சில்வர் பிரேசிங் (வெள்ளி கலந்த பற்று) செய்து, ஓட்டும் அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கில் தண்ணீர் ஏற்றிச் சோதித்ததுதான் வேண்டும்.

ஓட்டி முடித்ததும் லூப்ரிகேட்டரின் (சிலிண்டருக்கு எண்ணெய் தரும் சின்னக் கலத்தின்) அடித் திருகைத் திறந்து பாருங்கள். முதலில் தண்ணீர் வரும், பின்னால் கொஞ்சம் கெட்டியான நீராவி எண்ணெய். உள்ளே போன நீராவி குளிர்ந்து தண்ணீராகி அடியில் இறங்க, மிதக்கும் எண்ணெய் சொட்டுச் சொட்டாக சிலிண்டருக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். வெறும் எண்ணெயாகவே வந்தால் சிலிண்டர் காய்ந்து ஓடியிருக்கிறது, குழாயில் அடைப்பைத் தேடுங்கள்.

எப்போது ஓட்டுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மே மாத மதியத்தில் மாடித் தளம் காலைச் சுடும், புகைபோக்கியில் வரும் ஆவியும் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் கரைந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் விடிந்ததும் ஏறுங்கள். குளிர்ந்த, ஈரமான அந்தக் காற்றில்தான் வெள்ளை ஆவி பெட்டிகளின் மேல் படர்ந்து வரும்.