நார்மண்டிக்கா, பிரிட்டனிக்கா?

பிரான்சின் வடமேற்குக் கடற்கரைக்கு நான்கைந்து நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நார்மண்டி, பிரிட்டனி (பிரிட்டன் அல்ல) என்ற இரண்டு பிராந்தியங்களில் ஒன்றைத்தான் நிதானமாகப் பார்க்கலாம்.

வரலாறுதான் முக்கியமா? யோசிக்கவே வேண்டாம், நார்மண்டி. 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் இறங்கிய கடற்கரைகள் அங்கேதான். அவற்றில் ஒன்றான ஒமாகாவுக்கு மேலே அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் 9,300க்கும் அதிகமான வெள்ளைப் பளிங்குக் கற்கள். அரோமான்ஷ் என்ற ஊரில் கடல் உள்வாங்கும்போது, அந்தப் போரின்போது மிதக்கவிட்டுக் கொண்டுவந்த செயற்கைத் துறைமுகத்தின் கான்கிரீட் பெட்டிகள் பாசி படிந்து தலைகாட்டும். பிரிட்டனியிலும் கர்னாக்கில் 3,000க்கு மேற்பட்ட கற்கள் வரிசைகட்டி நிற்கின்றன, புதிய கற்காலத்தவை.

சாப்பாடு என்றால் என் ஓட்டு பிரிட்டனிக்கு. கான்கால் துறைமுகத்தில் ஒரு டஜன் சிப்பி கேட்டால் கடைக்காரரே திறந்து, எலுமிச்சைத் துண்டோடு தட்டில் தருவார். படிக்கட்டில் உட்கார்ந்து உறிஞ்சிவிட்டு ஓட்டைக் கீழே கடற்கரையிலேயே எறியலாம், எல்லோரும் அப்படித்தான். அப்புறம் பக்வீட் மாவில் தோசை போலச் சுட்ட கலெட், உப்பு வெண்ணெய். நார்மண்டியின் கமம்பேர் சீஸும் ஆப்பிள் சைடரும் நல்லவைதான், சரி.

கடல் குளியல்? ஆகஸ்டில்கூட இரண்டு பக்கமும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும்.

பாறைத் தீவின் மேல் மடாலயம் நிற்கும் மோன் சேன் மிஷெல் இருப்பது நார்மண்டிக்குள். ஆனால் எல்லையை ஒட்டியே இருப்பதால் கான்காலிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.