பிராக்ஸ்மாக்ஸ் வி.இ. விமர்சனம்: சின்ன அலுவலகத்தின் சர்வர்களை எல்லாம் ஒரே பெட்டிக்குள் வைக்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது முப்பது பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுடையது, லினக்ஸ் கமாண்டுகளைக் கண்டால் உங்களுக்குப் பயமில்லை என்றால், ஒரே சர்வரைப் பல தனிக் கம்ப்யூட்டர்கள் போல ஓட வைக்கும் மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸ் வி.இ. போடுங்கள். காசில்லாமல் கிடைக்கிறது என்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், சர்வர் ஒன்று படுத்துவிட்டால் அன்றைக்கே வேலையைத் திரும்ப ஆரம்பித்துவிடலாம்.

பெரும்பாலான சின்ன அலுவலகங்களில் நிலைமை இப்படித்தான் இருக்கிறது. டேலிக்கு ஒரு மெஷின், ஃபைல் ஷேரிங்குக்கு ஒன்று, அட்டெண்டன்ஸ் மென்பொருளுக்கு ஒன்று, அப்புறம் எழுதிக் கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியாத பில்லிங் புரோகிராமுக்காக மட்டும் ஓடும் பழைய விண்டோஸ் பெட்டி ஒன்று. நான்கும் இரவு பகலாகக் கரன்ட் இழுக்கும், ஆனால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் சி.பி.யூ. பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். சரி, எல்லாவற்றையும் ஒரே விண்டோஸில் போட்டுவிடலாமே என்றால், ஒன்றுக்கு அப்டேட் போடும்போது மற்ற மூன்றும் நிற்கும், ஒன்றில் வைரஸ் புகுந்தால் எல்லாமே போகும். சர்வர் விர்ச்சுவலைசேஷன் என்பது இதற்கான வழி. ஒரே சர்வரின் சி.பி.யூ., ரேம், டிஸ்க் எல்லாவற்றையும் பங்கு போட்டு, ஒவ்வொரு பங்கையும் தனிக் கம்ப்யூட்டர் போலவே ஓட வைப்பது. உள்ளே ஓடும் விண்டோஸுக்குத் தான் ஒரு விர்ச்சுவல் மெஷினில் இருக்கிறோம் என்பது பொருட்டே இல்லை. அந்தப் பங்கீட்டைச் செய்யும் மென்பொருளுக்குத்தான் ஹைப்பர்வைசர் என்று பெயர்.

இது புது விஷயம் இல்லை. ஐ.பி.எம். தன்னுடைய மெயின்ஃப்ரேம்களில் 1960களிலேயே இதைச் செய்து பார்த்தது, 1972இல் வி.எம்./370 என்று பொருளாகவே விற்றது. நம் மேஜையில் இருக்கும் இன்டெல் வகை சிப்களில் இதைச் செய்வது வெகுகாலம் கஷ்டமாக இருந்தது, 1998இல் தொடங்கிய வி.எம்.வேர் என்ற கம்பெனி அதை மென்பொருள் சாமர்த்தியத்தால் சாதித்தது. 2005இல் இன்டெலும் அடுத்த ஆண்டு ஏ.எம்.டி.யும் சிப்புக்குள்ளேயே அதற்கான வசதியைக் கொடுத்தன. 2007இல் கே.வி.எம். என்ற ஹைப்பர்வைசர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் வந்தது. பிராக்ஸ்மாக்ஸ் நிற்பது இந்த கே.வி.எம். மேல்தான். ஆஸ்திரியாவின் வியன்னாவில் இருக்கும் கம்பெனி, முதல் வெளியீடு 2008இல். அடியில் டெபியன் லினக்ஸ், மேலே பிரவுசரில் திறக்கும் ஒரு நிர்வாகத் திரை. இவ்வளவுதான் அதன் கட்டமைப்பு, அந்த எளிமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஏதாவது தகராறு என்றால் லினக்ஸ் தெரிந்த யாரும் உள்ளே போய்ப் பார்க்க முடியும்.

இப்போது இத்தனை பேர் இதைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் பிராட்காம் என்ற அமெரிக்க சிப் கம்பெனி. 2023 நவம்பரில் அது வி.எம்.வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே ஒருமுறை பணம் கட்டி வாங்கும் லைசன்ஸை நிறுத்திவிட்டு எல்லாமே சப்ஸ்க்ரிப்ஷன் என்றார்கள், 2024 பிப்ரவரியில் வி.எம்.வேரின் இலவச ஹைப்பர்வைசரான இ.எஸ்.எக்ஸ்.ஐ.யும் போனது. 2025 ஏப்ரலில் இலவசப் பதிப்பு திரும்பி வந்தது உண்மைதான், ஆனால் அதற்குள் சின்ன அலுவலகங்கள் பல வேறு இடம் தேட ஆரம்பித்துவிட்டன. பிராக்ஸ்மாக்ஸ் 2024இலேயே இ.எஸ்.எக்ஸ்.ஐ.யிலிருந்து விர்ச்சுவல் மெஷின்களை நேரடியாக இழுத்துக்கொள்ளும் வசதியைத் தன் திரையிலேயே சேர்த்துவிட்டது. வி.எம்.வேர் மோசமான பொருள் என்று நான் சொல்ல மாட்டேன், தொழில்நுட்பத்தில் அது இன்றும் முன்னணியில்தான் இருக்கிறது. நான்கு விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் கடைக்கு அந்த விலை கட்டுப்படியாகாது, அவ்வளவுதான்.

இன்ஸ்டால் செய்வது சுலபம். பென் டிரைவில் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி பூட் செய்து, டிஸ்க்கையும் ஐ.பி. முகவரியையும் கொடுத்தால் முடிந்தது. அதற்கு முன்னால் பயோஸில் விர்ச்சுவலைசேஷன் வசதி ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், சில மெஷின்களில் அணைத்தே அனுப்புகிறார்கள். பிறகு வேறொரு கம்ப்யூட்டரின் பிரவுசரில் 8006 போர்ட்டில் திறக்க வேண்டும். சான்றிதழ் பற்றி பிரவுசர் எச்சரிக்கும், அது எதிர்பார்த்ததே. லாகின் செய்ததும் சப்ஸ்க்ரிப்ஷன் இல்லை என்று ஒரு அறிவிப்பு வரும், ஓகே கொடுத்துவிட்டுப் போகலாம், எந்த வசதியும் பூட்டப்படவில்லை. ஆனால் அப்டேட் வரும் இடத்தைக் கட்டணமில்லாத ரெப்பாசிட்டரிக்கு மாற்ற மறக்காதீர்கள். முதலில் அமைந்திருப்பது சந்தாதாரர்களுக்கானது, சாவி இல்லாமல் அதிலிருந்து அப்டேட் வராது.

விண்டோஸ் ஏற்றும்போதுதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். டிஸ்க் வேகமாக ஓட வேண்டுமென்றால் வெர்ட்ஐஓ என்ற டிரைவர் தேவை, அது விண்டோஸ் சி.டி.யில் கிடையாது. அதனால் இன்ஸ்டாலர் ‘டிஸ்க்கே இல்லை’ என்று நிற்கும். வெர்ட்ஐஓ ஐ.எஸ்.ஓ.வை இரண்டாவது சி.டி. டிரைவாக முன்னமே சேர்த்துவிட்டால், அங்கே லோட் டிரைவர் கொடுத்து மேலே போகலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்டியை அப்படியே உள்ளே கொண்டுவருவது இன்னும் சுவாரசியமான வேலை. மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் டிஸ்க்டூவிஎச்டி மூலம் அதன் டிஸ்க்கை ஒரு ஃபைலாக எடுத்து இறக்கலாம். அப்படி இறக்கிய டிஸ்க்கை நேராக வெர்ட்ஐஓவில் மாட்டினால் விண்டோஸ் நீலத் திரையில் விழும். முதலில் சாதாரண சாட்டா டிஸ்க் என்று மாட்டி பூட் செய்யுங்கள், கூடவே சின்னதாக ஒரு வெர்ட்ஐஓ டிஸ்க்கைச் சேர்த்து டிரைவரை ஏற்றுங்கள், பிறகு அணைத்துவிட்டு முதல் டிஸ்க்கையும் வெர்ட்ஐஓவுக்கு மாற்றுங்கள். அந்தப் பழைய பில்லிங் பெட்டியைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, அதன் மதர்போர்டு என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம், உதிரிபாகமும் கிடைக்காது.

லினக்ஸ் வேலைகளுக்கு முழு விர்ச்சுவல் மெஷின் வேண்டாம், எல்.எக்ஸ்.சி. என்ற இலகுவான கன்டெய்னர் போதும். பிராக்ஸ்மாக்ஸின் கர்னலையே பகிர்ந்துகொள்வதால் மிகக் குறைந்த ரேமில் ஓடும், சில நொடிகளில் எழுந்துவிடும்.

இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பேக்கப், அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். பலரும் விர்ச்சுவலைசேஷன் என்றால் நான்கு பெட்டி ஒன்றாகிறது, கரன்ட் பில் குறைகிறது என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அது இரண்டாவது லாபம். ஒரு சர்வர் முழுக்க, அதன் விண்டோஸ், செட்டிங்குகள், டேட்டா எல்லாம் சேர்த்து, வேறொரு மெஷினில் அப்படியே இறக்கி ஓட்டக்கூடிய ஒரு பொருளாக மாறிவிடுகிறது, அதுதான் முதல் லாபம். பழைய முறையில் சர்வர் போனால் புது மெஷின் வாங்கி, விண்டோஸ் ஏற்றி, மென்பொருள் ஏற்றி, லைசன்ஸுக்குப் போன் போட்டு, டேட்டாவைத் தேடி ஒட்ட வேண்டும். இங்கே புது மெஷினில் பிராக்ஸ்மாக்ஸ் போட்டு, பேக்கப் இருக்கும் இடத்தைக் காட்டி, ரெஸ்டோர் அழுத்தினால் போதும். வன்பொருள் வேறு கம்பெனியாக இருந்தாலும் கவலை இல்லை, உள்ளே இருக்கும் விண்டோஸ் பார்ப்பது எப்போதும் அதே விர்ச்சுவல் வன்பொருளைத்தான்.

இதற்கென்றே பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் என்று தனியாக ஒன்று இருக்கிறது, 2020 நவம்பரில் முதல் பதிப்பு வந்தது, அதுவும் இலவசம். முதல் நாள் முழுசாக எடுக்கும், அடுத்த நாளிலிருந்து மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும், ஒரே மாதிரியான துண்டுகளை ஒருமுறைதான் சேமிக்கும், அதனால் பல நாள் பேக்கப்பை வைத்திருந்தாலும் டிஸ்க் சீக்கிரம் நிரம்பாது. பேக்கப்புக்குள் இருந்து ஒரே ஒரு எக்செல் ஃபைலை மட்டும் எடுக்கலாம், ‘நேற்று வரை இருந்த ஷீட்டைக் காணோம்’ என்று அக்கவுன்ட்ஸ் பக்கமிருந்து குரல் வரும் போதெல்லாம் இது கைகொடுக்கிறது. விர்ச்சுவல் மெஷினுக்குள் கெஸ்ட் ஏஜென்ட் என்ற சின்ன புரோகிராமைக் கட்டாயம் போடுங்கள், பேக்கப் எடுக்கும் நொடியில் டிஸ்க்கில் எழுதுவதைச் சற்று நிறுத்தி வைக்கும், டேட்டாபேஸ் அரைகுறையாகப் பதிவாகாது. பேக்கப் சர்வருக்கு எழுத மட்டும் உரிமை உள்ள, பழையதை அழிக்க உரிமை இல்லாத தனி யூசரைக் கொடுங்கள். டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர்க்காரன் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்னாப்ஷாட், அதாவது விர்ச்சுவல் மெஷினின் அந்த நேரத்து நிலையைப் பதிந்துவைப்பது, பேக்கப் ஆகாது. அப்டேட் போடுவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, தப்பானால் பின்னுக்குப் போவது அருமையான வசதி. ஆனால் அது அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, டிஸ்க் போனால் சேர்ந்தே போகும். பேக்கப் சர்வரையும் அதே பெட்டிக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினாகப் போட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் இரண்டு பெரிய ஹார்டு டிஸ்க் போட்டு, முடிந்தால் கட்டடத்தின் இன்னொரு பக்கத்தில் வையுங்கள்.

குறைகளுக்கு வருகிறேன். டிஸ்க் விஷயத்தில் பிராக்ஸ்மாக்ஸ் சாதாரண எஸ்.எஸ்.டி.யைச் சீக்கிரம் தேய்த்துவிடும், குறிப்பாக ஜெட்.எஃப்.எஸ். என்ற ஃபைல் சிஸ்டம் போட்டால். லேப்டாப்புக்கு வாங்கும் வகையைத் தவிர்த்து, மின்சாரம் போனாலும் எழுதி முடிக்கும் பாதுகாப்பு உள்ள சர்வர் வகை எஸ்.எஸ்.டி. இரண்டு வாங்கி, இரண்டிலும் ஒரே டேட்டா எழுதப்படும்படி மிரர் போடுங்கள். பல மெஷின்களைச் சேர்த்துக் கிளஸ்டர் போட வேண்டுமென்றால், ஒன்று போனால் மிச்சம் பெரும்பான்மையா என்று பார்க்கும் வாக்குக் கணக்குக்காக மூன்று மெஷின் தேவை, இரண்டோடு நிறுத்துகிறவர்கள் மூன்றாவது வாக்குக்கு ஒரு சின்ன லினக்ஸ் மெஷினையாவது வைக்க வேண்டும். பொதுவான ஸ்டோரேஜ் இல்லாமல், டிஸ்க்கை அவ்வப்போது இன்னொரு மெஷினுக்கு நகலெடுக்கும் ரெப்ளிகேஷனை நம்பினால், முன்னமே அமைந்திருக்கும் இடைவெளி 15 நிமிடம், ஒரு மெஷின் திடீரென்று போனால் அந்த இடைவெளியில் போட்ட பில்கள் போய்விடும். அதனால் சின்ன அலுவலகத்துக்குக் கிளஸ்டர் அவசியமே இல்லை என்பது என் கருத்து. ஒரு சர்வர், ஒழுங்கான பேக்கப், தேவைப்பட்டால் ஓட்ட ஒரு மாற்று மெஷின், அது போதும். யு.எஸ்.பி. டாங்கிளில் லைசன்ஸ் இருக்கும் மென்பொருளை உள்ளே ஓட்டலாம்தான், ஆனால் அந்த டாங்கிள் எந்தப் பெட்டியில் செருகியிருக்கிறதோ அந்த விர்ச்சுவல் மெஷினும் அங்கேயே கட்டுண்டு கிடக்கும்.

விண்டோஸ் லைசன்ஸ் இலவசமாகிவிடாது என்பதையும் முதலாளியிடம் முன்னமே சொல்லிவிடுங்கள். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் ஒன்று, மெஷினின் எல்லா கோர்களுக்கும் சேர்த்து வாங்கினால், இரண்டு விர்ச்சுவல் மெஷின்களுக்குத்தான் உரிமை தரும். மூன்றாவதுக்கு மறுபடி வாங்க வேண்டும்.

சப்போர்ட் வேண்டுமென்றால் சி.பி.யூ. சாக்கெட் கணக்கில் ஆண்டுச் சந்தா. கீழ்மட்ட கம்யூனிட்டி சந்தா ஆண்டுக்கு 100 யூரோவைச் சற்றுத் தாண்டும், அதில் நல்ல சோதனைக்குப் பிறகு வரும் அப்டேட் கிடைக்கும், உதவி கேட்டு டிக்கெட் போட முடியாது. டிக்கெட்டுக்கு மேல்மட்டத் திட்டங்கள் வேண்டும், பிரீமியம் 1000 யூரோவுக்கு மேல் போகிறது. அவர்களும் ஆஸ்திரிய அலுவலக நேரத்தில்தான் பதில் சொல்வார்கள், நமக்குக் காலை 10 மணி என்றால் வியன்னாவில் இன்னும் விடிந்தும் விடியாத நேரம். கடை திறக்கும் நேரத்தில் சர்வர் நின்றால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும். அலுவலகத்தில் லினக்ஸ் தெரிந்தவர் யாருமே இல்லை, எல்லாமே விண்டோஸ் என்றால், விண்டோஸ் சர்வரோடு வரும் ஹைப்பர்-வி உங்களுக்குப் பொருத்தம். தயங்க வேண்டாம், அதுவும் நன்றாகவே ஓடும்.

நான்கைந்து விர்ச்சுவல் மெஷினுக்குப் பட்ஜெட் போடுகிறவர்களுக்கு என் யோசனை: சி.பி.யூ.வில் சிக்கனம் பிடியுங்கள், எட்டு கோர் தாராளம். ரேம் 64 ஜி.பி. போடுங்கள், முதலில் தீர்ந்துபோவது எப்போதும் ரேம்தான். மிச்சத்தை அந்த இரண்டு எஸ்.எஸ்.டி.யிலும், பேக்கப் மெஷினிலும், சர்வரைத் தானாக ஒழுங்காக அணைக்கச் சொல்லும் யு.பி.எஸ்.ஸிலும் போடுங்கள். எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, டேலி மெஷினின் பேக்கப்பை வேறு விர்ச்சுவல் மெஷின் எண்ணில் இறக்கி, நெட்வொர்க்கைத் துண்டித்து பூட் செய்து, டேலியில் கம்பெனி திறக்கிறதா, கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.